சம்மதம் சொல்ல ஒருவர்

1995ஆம் வருஷம் மே மாதத்தில் டில்லியில், 44 வயதான, விவாகம் செய்துகொள்ளாத ஒரு பெண்மணி, சில நாட்களாக நிற்காமலிருந்த உதிரப்போக்குக்குக் காரணம் என்னவென்று கண்டறிவதற்காக ஒரு பெண் டாக்டரிடம் போனார். குழாய் செலுத்தி உள்ளே பார்ப்பதற்காக மயக்கமருந்து கொடுத்துப் படுக்கவைத்திருந்த வேளையில், கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிடுவதே உசிதம் என்று டாக்டருக்குத் தோன்றிற்று; உதவி டாக்டர் வெளியே வந்து, காத்திருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்; ஆபரேஷனும் நடந்து முடிந்தது. கண் விழித்த மகள் வழக்குத் தொடர்ந்தார். 2008ஆம் வருஷம் ஜனவரி 16ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்பின் சாரம் இதுதான்: வயது வந்து, சுயபுத்தியோடிருக்கும் ஒருவர் தாற்காலிகமாகப் பிரக்ஞை இழந்திருக்கும்போது, உடனடியாகச் செய்யாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்ற நிலைமை இல்லாத பட்சத்தில், அவருக்குப் பதிலாகச் சம்மதம் சொல்லும் உரிமை பெற்ற தாய்க்கும் கிடையாது.

இதைக் கேட்டு ஆச்சரியப்படாதவர் நம்மில் அபூர்வம். ஏனெனில் நம் ஊர் ஆஸ்பத்திரிகளின் சம்பிரதாயம் வேறு. நோயாளி நல்ல ஸ்வாதீனத்தோடு கட்டிலில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருப்பார், ஆனாலும் காகிதக் கட்டோடு வருகிற நர்ஸம்மா, "பேஷண்டோட அட்டெண்டர் யாருங்க?" என்றுதான் கேட்பார். மூத்த மகனோ, பில் கட்டுகிற மருமகனோ, அன்றைக்கு லீவு போட முடிந்த தம்பியோ, வராந்தாவில் அந்த நேரத்தில் யார் நிற்கிறாரோ அவர் எழுந்து போய்க் கையெழுத்திடுவார். நோய் இன்னதென்பதையே நோயாளியிடமிருந்து மறைத்துவைப்பது பிரியத்தின் லட்சணம் என்று நம்பும் குடும்பங்கள் இன்றும் ஏராளம். இதிலெல்லாம் துர்எண்ணம் எதுவும் இருப்பதாக நான் சொல்ல வரவில்லை. ஆனால் கையெழுத்திட்ட அந்த உறவினருக்கு அந்த அதிகாரத்தை யார் கொடுத்தது என்று விசாரித்தால், அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார் என்பதைத் தவிர வேறு பதில் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

"பையன் பேருக்குத்தான் பவர் எழுதிக் கொடுத்துவிட்டேனே" என்று நிம்மதியாக இருக்கும் பெரியவர்களும் உண்டு. வீட்டை விற்கவும், வாடகை வசூலிக்கவும், பாங்கிக்குப் போய்வரவும் அந்தப் பத்திரம் உதவும். வைத்திய விஷயத்தில் அதை நம்பியிருப்பது வீண். 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆவது பிரிவு, அதிகாரம் கொடுத்தவர் இறந்துபோனாலும் சித்த ஸ்வாதீனத்தை இழந்தாலும் அவருடைய முகவரின் அதிகாரம் முடிவடைகிறது என்று விதித்திருக்கிறது. ஆகவே, நமக்குப் பதிலாக இன்னொருவர் பேசவேண்டிய அவசியம் எந்த நாளில் உண்டாகிறதோ, அந்த நாளிலேயே அந்தப் பவர் பத்திரம் செல்லாக் காகிதமாகிவிடுகிறது. அமெரிக்காவில் பல ராஜ்யங்கள், கலிபோர்னியா 1983இலேயே, புத்தி தவறிய பிறகும் நீடித்து நிற்கும் வைத்தியப் பவர் பத்திரத்துக்குத் தனிச் சட்டம் இயற்றிக்கொண்டன. நம் தேசத்தில் அப்படி ஒரு பொதுச் சட்டம் இல்லாத காரணத்தால், கோமாவில் கிடக்கும் கணவருடைய பாங்கிக் கணக்கைத் தொடுவதற்குக்கூட மனைவிமார்கள் ஹைகோர்ட் படியேற நேர்ந்து, கேரள ஹைகோர்ட் 2019இல் அத்தகைய காப்பாளர் நியமனத்துக்கென்று தானே விதிமுறைகள் வகுத்துக் கொடுத்தது. இன்ஷூரன்ஸ் பாலிசியில் எழுதிய நாமினியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நாம் போன பிறகு பணத்தை வாங்கிக்கொள்ள வேண்டியவர் அவர், நாம் இருக்கும்போது நமக்காகப் பேச வேண்டியவர் அல்ல.

பேசுவதற்கு உரியவர் யார் என்ற கேள்வி நம் நாட்டில் மிகக் கூர்மையாக எழுந்தது அருணா ஷான்பாக் வழக்கில். பம்பாய் கே.ஈ.எம். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அந்த இளம்பெண், 1973ஆம் வருஷம் நவம்பர் 27ஆம் தேதி அதே ஆஸ்பத்திரியின் சிப்பந்தி ஒருவனால் தாக்கப்பட்டு, கழுத்து நெரிபட்டதில் மூளைக்கு ரத்தம் போகாமல் உணர்விழந்து, அன்று தொடங்கி 41 வருஷங்களுக்கு மேல் அதே ஆஸ்பத்திரியின் படுக்கையிலேயே கிடந்தார். அவருடைய சரித்திரத்தைப் புத்தகமாக எழுதிய பிங்கி விரானி என்ற பத்திரிகையாளர், இனியும் அந்த உடம்பை வருத்தாமல் உணவூட்டுவதை நிறுத்த அனுமதிக்க வேண்டுமென்று, அருணாவின் சிநேகிதி என்ற ஸ்தானத்திலிருந்து சுப்ரீம் கோர்ட்டில் மனுச் செய்தார். ஆஸ்பத்திரி நர்ஸுகளும் டாக்டர்களுமோ, பந்துக்கள் வரவு நின்றுபோன பிறகு, தலைமுறை தலைமுறையாகத் தாங்களே குளிப்பாட்டி, ஊட்டி, படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்ட அந்த ஜீவனைத் தாங்களே கடைசிவரை காப்பாற்றுவோம் என்றார்கள். 2011ஆம் வருஷம் மார்ச் 7ஆம் தேதி, நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் ஞான் சுதா மிஸ்ராவும் மனுவைத் தள்ளினார்கள். அருணாவுக்காகப் பேசும் உரிமை, எழுதியவருக்கு இல்லை, இரவும் பகலும் பணிவிடை செய்த ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கே உண்டு என்றார்கள். 2015ஆம் வருஷம் மே மாதம் நிமோனியா கண்டு அருணா காலமானார்.

அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்று இன்றைக்கும் வாதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உறுத்துவது வேறொன்று. ஒரு பக்கம் கருணை, இன்னொரு பக்கமும் கருணை. இரண்டில் எதையும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆயினும் அந்த இரு பக்கத்தாரில் எவரையும் அருணா தேர்ந்தெடுக்கவில்லை. அவர் என்ன விரும்பியிருப்பார் என்பதற்கு எவர் கையிலும் ஒரு வரி எழுத்து இல்லை. இருபது சொச்சம் வயதில், கல்யாணம் நிச்சயமாகியிருந்த ஒரு பெண் அதையெல்லாம் எழுதிவைக்க வேண்டுமென்று யார் எதிர்பார்ப்பார்கள்? அமெரிக்காவில் புளோரிடா ராஜ்யத்தில் 1990இல் 26 வயதில் மயங்கி விழுந்த டெரி ஷியாவோ விஷயத்திலும் இதே இன்மைதான், புருஷனையும் பெற்றோரையும் வருஷக்கணக்காகக் கோர்ட்டுகளில் எதிரெதிரே நிறுத்தி, உணவுக் குழாயை எடுப்பதும் மறுபடி பொருத்துவதுமாக இழுத்துச் சென்று, கடைசியில் 2005இல் அந்நாட்டுப் பார்லிமெண்டையும் ஜனாதிபதியையுமே ஒரு நோயாளியின் படுக்கையைச் சுற்றி வாதாட வைத்தது.

அருணா வழக்குக்கும் முன்பே, 2005இல், காமன் காஸ் என்ற டில்லி பொதுநல ஸ்தாபனம் போட்டிருந்த மனு சுப்ரீம் கோர்ட்டில் காத்திருந்தது. 13 வருஷம் காத்திருந்த பிறகு, 2018ஆம் வருஷம் மார்ச் 9ஆம் தேதி, தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையில் ஐவர் அடங்கிய அரசியல் சாசன பெஞ்ச், கௌரவமாக மரணமடைவதும் ஜீவிக்கும் உரிமையில் அடங்கியதே என்று நிர்ணயித்து, பத்திரிகைகள் லிவிங் வில் என்று எழுதும் முன்விருப்பப் பத்திரத்துக்குச் சட்டத்தின் பலத்தைக் கொடுத்தது. தன் விருப்பம் இன்னது என்பதோடு, தனக்குப் பேச்சு இல்லாதபோது அதைத் தெரிவிக்க வேண்டியவர் இன்னார் என்பதையும் அந்தப் பத்திரத்தில் எழுதலாம். விஷ ஊசி போட்டு உயிரைப் போக்குவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது நம் நாட்டில் அன்றும் குற்றம், இன்றும் குற்றம்.

உரிமையைக் கொடுத்த கையாலேயே அதைப் பூட்டியும் வைத்தது அந்தத் தீர்ப்பு. பத்திரத்தில் முதல் வகுப்பு ஜுடீஷியல் மாஜிஸ்திரேட் கையெழுத்திட வேண்டும். அதை அமல்படுத்தும் வேளை வந்தால், 20 வருஷ அனுபவமுள்ள நிபுணர்களைக் கொண்ட ஒரு குழு ஆஸ்பத்திரியில் கூட வேண்டும், பிறகு ஜில்லா கலெக்டர் இரண்டாவது குழு ஒன்றை நியமிக்க வேண்டும், அதற்கும் பிறகு மாஜிஸ்திரேட் நேரில் வந்து நோயாளியைப் பார்க்க வேண்டும். ஒரு கலெக்டரின் உத்தரவையும் ஒரு மாஜிஸ்திரேட்டின் விஜயத்தையும் ஒரு மனிதனுடைய மிச்ச ஆயுளுக்குள் சேர்த்துப் பெறுவது எவ்வளவு சாத்தியம் என்பதை, நம் சர்க்கார் ஆபீஸ்களில் ஒரு பட்டாவுக்கு நடந்தவர்கள் எவரும் அறிவார்கள். ஐ.சி.யூ.வில் வேலை பார்க்கும் டாக்டர்களுடைய அகில இந்திய சங்கமே, இது நடக்கிற காரியமில்லை என்று கோர்ட்டிடம் திரும்பிப் போயிற்று. நீதிபதி கே.எம். ஜோசப் தலைமையிலான ஐவர் பெஞ்ச் 2023ஆம் வருஷம் ஜனவரி 24ஆம் தேதி விதிகளைத் தளர்த்திக் கொடுத்தது. இன்று நடைமுறையில் இருப்பது அதுதான்.

அதன்படி, வயது வந்து, புத்தி ஸ்வாதீனத்தோடிருக்கும் எவரும், பிறருடைய நிர்ப்பந்தமின்றி, எந்தச் சந்தர்ப்பத்தில் எந்தச் சிகிச்சையை நிறுத்தவோ தொடங்காமலிருக்கவோ வேண்டும் என்பதைச் சந்தேகத்துக்கிடமின்றி எழுதி, தனக்காகச் சம்மதம் சொல்ல வேண்டிய காப்பாளரையோ நெருங்கிய உறவினரையோ பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, ஒரு நோட்டரியிடமோ கெஜடெட் அதிகாரியிடமோ அத்தாட்சி பெற்றுக்கொண்டால் போதும். ஒருவருக்கு மேற்பட்டவர்களையும் குறிப்பிடலாம். சாட்சிகள் வீட்டு மனிதர்களாக இல்லாதிருப்பது நல்லது. பெயர் குறிக்கப்பட்டவரிடம் ஒரு பிரதி, குடும்ப டாக்டர் இருந்தால் அவரிடம் ஒரு பிரதி, பஞ்சாயத்திலோ முனிசிபாலிடியிலோ அதற்கென்று உள்ள அதிகாரியிடம் ஒரு பிரதி. கடைசியாகச் சொன்ன அந்த அதிகாரியை நியமிக்கச் செய்வதற்கே மகாராஷ்டிரத்தில் ஒரு டாக்டர் பம்பாய் ஹைகோர்ட்டில் வழக்குப் போட வேண்டியிருந்தது என்பதையும், கர்நாடக சர்க்கார் 2025 ஜனவரியில்தான் தன் ஆஸ்பத்திரிகளுக்கு இது பற்றி உத்தரவு அனுப்பியது என்பதையும் பார்த்தால், தீர்ப்பு எழுதுவதற்கும் அது ஆபீஸ் மேஜைக்கு வந்து சேருவதற்கும் இடையே உள்ள தூரம் விளங்கும். எழுதினவர் மனம் மாறினால், எந்தச் சமயத்திலும் எழுத்து மூலமாகவே அதை ரத்துச் செய்யலாம், திருத்தலாம். இரண்டு பத்திரங்கள் இருந்தால் பிந்தியதே செல்லும்.

அந்த நாள் வரும்போது, பத்திரம் உண்மையானதுதானா என்று சிகிச்சை செய்யும் டாக்டர் விசாரித்துக்கொள்ள வேண்டும். அவரும், 5 வருஷமாவது அனுபவமுள்ள வேறு இரண்டு நிபுணர்களும் சேர்ந்த முதற்குழு, பிழைக்க வழியில்லை என்று அபிப்பிராயப்பட்டால், ஜில்லா தலைமை வைத்திய அதிகாரி நியமிக்கும் ஒரு டாக்டரும் வேறு இரு நிபுணர்களும் அடங்கிய இரண்டாவது குழு அதைப் பரிசீலிக்க வேண்டும். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். பத்திரத்தில் பெயர் குறிக்கப்பட்டவருடைய சம்மதமும் கிடைத்த பின், செயற்கைச் சுவாசத்தை நிறுத்துவதற்கு முன்பு, ஆஸ்பத்திரி மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தெரிவித்தால் போதும். அவர் வந்து பார்க்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. குழு மறுத்துவிட்டால் ஹைகோர்ட்டுக்குப் போக அந்தப் பிரதிநிதிக்கு உரிமை உண்டு.

சட்டம் இவ்வளவுதான். யாரைக் குறிப்பிடுவது என்பதுதான் கஷ்டம். அதில் சட்டம் நமக்கு ஒரு வழியும் காட்டாது.

நம்மிடம் அதிகப் பிரியம் வைத்தவரையே குறிப்பிட வேண்டுமென்று முதலில் தோன்றும். என் அபிப்பிராயத்தில் அது பல சமயம் தவறான தேர்வு. "எப்படியாவது காப்பாத்திக் கொடுங்க டாக்டர்" என்பதைத் தவிர வேறொரு வாக்கியமும் அந்த வேளையில் வாயில் வராத மனைவியிடமோ மகளிடமோ இந்தப் பொறுப்பைச் சுமத்துவது அவளுக்குச் செய்யும் ஹிம்சை. வேண்டியது வேறொரு குணம்: தன் ஆசையை ஒதுக்கிவைத்துவிட்டு நம்முடைய ஆசையை எடுத்துச் சொல்லக்கூடிய திடம், டாக்டர் சொல்வது புரியாவிட்டால் கூச்சமில்லாமல் மறுபடி கேட்கும் சுபாவம், ராத்திரி இரண்டு மணிக்குப் போன் செய்தாலும் வந்து சேரக்கூடிய தூரத்தில் வாசம், எல்லாவற்றுக்கும் மேலாக, "அவன்தான் மெஷினை எடுக்கச் சொன்னான்" என்று கருமாதி வீட்டில் காதுபடப் பேசுகிற சித்தப்பாக்களையும் அத்தைகளையும் தாங்கிக்கொள்ளும் முதுகெலும்பு. சொத்தில் பெரும்பங்கு யாருக்குச் சேருகிறதோ அவரையே பிரதிநிதியாகவும் குறித்துவிட்டால், அவர் எவ்வளவு யோக்கியராயிருந்தாலும், அந்தப் பேச்சு இன்னும் கடுமையாக இருக்கும் என்பதையும் யோசித்துக்கொள்வது நலம்.

வருஷக்கணக்காக எட்டிப் பாராமலிருந்து, கடைசி வாரத்தில் விமானமேறி வந்து இறங்கி, அதுவரை அருகிலிருந்தவர்கள் டாக்டரோடு கலந்து செய்திருந்த தீர்மானத்தையெல்லாம் புரட்டிப்போட்டு, இன்னும் என்னென்ன செய்ய முடியுமோ அத்தனையும் செய்யுங்கள் என்று சத்தமிடும் உறவினரைப் பார்க்காத ஆஸ்பத்திரி உலகில் இல்லை போலும். அமெரிக்க டாக்டர்கள் அவருக்குக் ‘கலிபோர்னியாவிலிருந்து வந்த மகள்’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்; 1991இல் ஒரு வைத்தியப் பத்திரிகையில் அதைப் பற்றிக் கட்டுரையே வெளியாயிற்று. கலிபோர்னியாவிலோ அதே மகளை நியூயார்க்கிலிருந்து வந்தவள் என்கிறார்களாம். நம் பக்கத்தில் அவர் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வரும் பிள்ளை. அவரைப் பரிகாசம் செய்வது சுலபம். அருகில் இல்லாதிருந்த குற்ற உணர்ச்சிதான் அந்தச் சத்தமாக வெளிவருகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. பிரதிநிதி இன்னார் என்று முன்பே எழுதி, எழுதியதை எல்லாப் பிள்ளைகளும் இருக்கும்போது, தீபாவளிக்கோ பொங்கலுக்கோ கூடியிருக்கும்போது, வாய்விட்டுச் சொல்லிவிட்டால், பிறகு அவர் யாரோடும் சண்டை போட வேண்டியிராது. குறிப்பிடப்படாத பிள்ளையிடம் ஏன் குறிப்பிடவில்லை என்று சொல்வதும் அப்போதே ஆகவேண்டிய காரியம்; "உன்னால் தாங்க முடியாதப்பா" என்ற ஒரு வார்த்தை போதும்.

இவ்வளவு செய்தும் பிரதிநிதி நம் மனத்தைச் சரியாக அறிந்துவிடுவார் என்பது நிச்சயமில்லை. 16 ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் அமெரிக்காவில் வெளியான ஒரு கட்டுரை, நோயாளி என்ன விரும்புவார் என்று உறவினர்கள் ஊகித்ததில் 100க்கு 68 தடவைதான் சரியாயிருந்தது என்று கண்டது. அதைவிட ஆச்சரியம், நோயாளியே தேர்ந்தெடுத்த பிரதிநிதியானாலும், முன்பே பேசிவைத்திருந்தாலும், அந்த ஊகம் திருந்தவில்லை என்பது. இதைப் படித்துவிட்டு, அப்படியானால் எதற்கு இந்தப் பிரயாசை என்று கேட்பவர்களுக்கு நியாயம் இல்லாமலில்லை. ஆனால் நாம் ‘பேசிவைத்தோம்’ என்பது என்ன பேச்சு? "படுக்கையில் கிடந்து யாருக்கும் பாரமாகாமல் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்" என்று ஒருவர் பெருமூச்சு விட, "அசுபமாகப் பேசாதீங்க" என்று மற்றவர் வாயடைக்க, அதோடு முடிந்துபோகிற சம்பாஷணையை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளைதான் வென்டிலேட்டரைப் பற்றித் தீர்மானிப்பான்? மூச்சுத்திணறினால் குழாய் செருகலாமா, செருகினபின் பத்து நாள் கழித்தும் தேறாவிட்டால் என்ன செய்வது, சிறுநீரகம் நின்றால் டயாலிசிஸ் உண்டா, மூக்கு வழியாக ஆகாரம் எதுவரைக்கும், இருதயம் நின்றுவிட்டால் மார்பை அழுத்தி உயிரூட்ட முயல வேண்டுமா, வலிக்கு மருந்து மட்டும் கொடுத்து வீட்டுக்கு அழைத்து வந்துவிடலாமா என்று ஒவ்வொன்றாக, குடும்ப டாக்டரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கேட்டுத் தெரிந்து எழுதவேண்டிய சமாசாரம் இது. சந்தேகத்துக்கிடமாக எழுதப்பட்ட பத்திரத்தை அமல்படுத்தலாகாது என்று தீர்ப்பே சொல்லியிருப்பதால், பிரதிநிதி இட்டு நிரப்பிக்கொள்வார் என்று கோடு விட்டுவைப்பதிலும் பிரயோஜனமில்லை.

இந்தப் பத்திரத்தின் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். தேறும் நம்பிக்கையில்லாத நோயில், சிகிச்சை நீண்டுகொண்டே போய், சுயமாக முடிவு சொல்லும் சக்தியும் போன பிறகுதான் இது விழித்துக்கொள்கிறது. மறதி நோய் கண்ட எண்பது வயதுப் பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால் ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கு இதில் இடமில்லை. அங்கே இன்னமும் பழைய வராந்தா வழக்கம்தான். சிங்கப்பூரில் உள்ள தமிழர்களுக்கு நிலைமை நேர் தலைகீழ். அங்கே 2008ஆம் வருஷத்து மனத்திறன் சட்டத்தின் கீழ், 21 வயது நிரம்பிய எவரும், தமக்குப் புத்தி தவறினால் தம் உடல்நலத்தையும் சொத்தையும் கவனிக்க ஒருவரை நீடித்த அதிகாரப் பத்திரத்தின் மூலம் நியமித்து, அதைப் பொதுக் காப்பாளர் அலுவலகத்தில் பதிவு செய்யலாம். இடுப்பெலும்பு விஷயமெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார், ஆனால் உயிரைத் தாங்கி நிற்கும் சிகிச்சையைப் பற்றி முடிவு சொல்ல மட்டும் அவருக்கு அதிகாரம் இல்லை. அதற்கு 1996ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி வேறொரு பத்திரம்.

நம் நாட்டிலும் ஒரே ஒரு துறையில் பிரதிநிதி நியமனம் மிகத் தாராளமாக அனுமதிக்கப்பட்டிருக்கிறது. 2017ஆம் வருஷத்து மனநல மருத்துவச் சட்டம், மனநோய்ச் சிகிச்சை சம்பந்தமாகத் தனக்குப் பிரதிநிதி இன்னார் என்று வெள்ளைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்திட்டாலே போதும் என்கிறது. பிரதிநிதி மைனராக இருக்கக் கூடாது, பொறுப்பை ஏற்கச் சம்மதித்து அதை நிறைவேற்றும் திறமும் உள்ளவராயிருக்க வேண்டும், அவ்வளவே. உறவினர் என்ற நிபந்தனை அங்கே கிடையாது. சுப்ரீம் கோர்ட் தீர்ப்போ காப்பாளர் அல்லது நெருங்கிய உறவினர் என்று எழுதியிருக்கிறது. கல்யாணம் செய்துகொள்ளாமல் தனியே வாழ்கிறவர்களும், பந்துக்களோடு போக்குவரத்து அற்றுப்போய் நாற்பது வருஷச் சிநேகிதரையே கூடப்பிறந்தவராகக் கொண்டிருப்பவர்களும், முதியோர் இல்லத்தில் அடுத்த அறைக்காரரைத் தவிர வேறு துணையில்லாதவர்களும் நாளுக்கு நாள் பெருகிவரும் காலத்தில், அந்தச் சிநேகிதரைக் காப்பாளர் என்ற சொல்லுக்குள் கொண்டுவரலாமா என்று ஒரு வக்கீலைக் கேட்டு, காப்பாளர் என்றே பத்திரத்தில் தெளிவாக எழுதி, அவருடைய விலாசத்தையும் டெலிபோன் நம்பரையும் அதிலேயே சேர்த்து, ஒரு பிரதியை ஆஸ்பத்திரிக் காகிதங்கள் வைத்திருக்கும் பைக்குள்ளேயே போட்டுவைப்பது அவர்கள் இன்றே செய்யக்கூடிய காரியம். பீரோவுக்குள் பூட்டிவைத்தால், சாவி இருக்குமிடம் சொல்ல ஆள் இருக்காது.